பெட்டிக்குள் இருந்த ஓம்

ராகுலன் ‘ஓம்’ என்று சொன்னால் வீட்டில் பூசை தொடங்கிவிடும்.

ஃபேன் வேகத்தைக் கூட்டிவிடவா என்று மனைவி சாம்பவி கேட்பாள். கட்டிலுக்கு மேலே கம்பியில் மாட்டியிருந்த அவனுக்குப் பதிலாகக் கதைக்கிற பெட்டி, அவனுடைய கண் திரையில் எந்த எழுத்தில் தங்குகிறது என்று பார்த்துச் சொல்லைச் சேர்க்கும். பிறகு அடித்தொண்டையிலிருந்து “ஓஓஓம்ம்ம்ம்” என்று இழுக்கும். வெள்ளவத்தையில் அந்த மாடிவீட்டுக்குக் கீழே இருந்தவர்கள், மேலே நல்ல பக்தியான சனம் குடிவந்திருக்கிறது என்று கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தார்கள். பாவம், அவன் கேட்டது காற்று.

நரம்பு நோய் ராகுலனின் கையை எடுத்தது, காலை எடுத்தது, பிறகு நாக்கையும் எடுத்துக்கொண்டது. கண்ணை மட்டும் விட்டுவைத்தது. டொரொண்டோவில் இருக்கும் அண்ணன் தனஞ்சயன் அந்தப் பெட்டியை வாங்கி அனுப்பியிருந்தார். தமிழ் கதைக்கும் என்று பெருமையாகச் சொன்னார். கதைத்தது. ஆம் என்பதற்கு ஊரில் சொல்லும் ஓம் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காகவே கதைத்தது. யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஓம் தேவை என்று அதைச் செய்தவர்களுக்கு யார் சொல்வது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஓமைச் செய்தவளே சாம்பவிதான்.

கம்பஸில் படித்த காலத்தில், எழுதியதைக் கம்ப்யூட்டர் வாசிப்பதற்கான தமிழ்க் குரல் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து செய்தார்கள். ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தங்கள் பொருளில் போடலாம், சல்லி கேட்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கொட்டாஞ்சேனையில் அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலில் அதைப் போட்டுக் காட்டியபோது, செயலாளர் சிவக்கொழுந்து முகத்தைச் சுளித்தார். “பிள்ளை, மந்திரம் சொல்லுற மாதிரி இல்லையே. கடைக்காரனுக்கு ஓம் சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு.” அன்றைக்கே சாம்பவி ஒரு வரி சேர்த்தாள். ஓம் என்று எங்கே வந்தாலும் அதை மந்திரமாக இழுத்துச் சொல்லவேண்டும்.

ஆமென்று சொல்வதற்கு அவளும் வாய் நிறைய ஓம் போடுகிறவள்தான். ஆனால் எழுதும்போது யார் ஓம் என்று எழுதுகிறார்கள்? எழுதினால் ‘ஆம்’ என்றுதான் எழுதுவோம், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மனிதன் எழுதித்தான் பேசவேண்டிவரும் என்று அவள் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தக் குரலை எடுத்துப் போட்டிருந்த பெட்டிக் கொம்பனிக்கு அவள் எழுதினாள். பதில் உடனேயே வந்தது, நல்ல மரியாதையான பதில். உரிமத்தில் சொன்னபடி மூல நிரல் முழுவதையும் அனுப்பியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தாள். அவளுடைய வரி, எழுதிய மாதிரியே, அவளுடைய பெயரோடு இருந்தது. அதை அழிக்கத் தேத்தண்ணி ஊற்றுகிற நேரம்கூட எடுக்கவில்லை. ஆனால் திருத்தியதைப் பெட்டி வாங்க மறுத்தது. கொம்பனி தன்னுடைய இரகசியச் சாவியால் கையெழுத்துப் போடாத எதையும் அது வாங்காதாம். நோயாளியின் பாதுகாப்புக்காகவாம். தமிழுக்கான அடுத்த திருத்தம் எப்போது வரும் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம்.

எழுத்து அவளுடையது. புருஷன் அவளுடையவன். பெட்டிக்கு அண்ணன் காசு கட்டியாயிற்று. சாவி மட்டும் அவர்களுடையது. யாருக்கும் எரிச்சல் வரும். சாம்பவிக்கும் வந்திருக்கவேண்டும், வரவில்லை. கொஞ்சக் காலமாகவே அவளுக்கு எதுவும் முழுசாக வருவதில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் இருக்குமே, அப்படித்தான் அவளுடைய நாட்கள் போய்க்கொண்டிருந்தன. “அவங்கள் என்ர மனுசன்ர வாயைப் பூட்டி வச்சிருக்கிறாங்கள்” என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொன்னாள். சொல்லும்போது குரல் ஏறவில்லை, இறங்கவுமில்லை.

அவளோடு வேலைசெய்யும் பிரதீஸ் பாமன்கடையிலிருந்து வந்து பார்த்தான்.

“அக்கா, அவங்கட பக்கத்திலயும் நியாயம் இருக்கு. ஆர் எவர் எதையும் போடலாமெண்டால், பொல்லாதவன் ஒருத்தன் உள்ள பூந்து அண்ணை சொல்லாததையெல்லாம் பெட்டியைச் சொல்ல வைப்பான். நாங்கள் பஸ் டிக்கட் மெஷினுக்கே பூட்டுப் போடுறம்தானே.”

பூட்டுப் போடுவதுதான் ஒஃபீஸில் சாம்பவியின் வேலை.

“பூட்டைக் கழட்டிப் பாப்பமா?” என்றான் பிரதீஸ். “வழி இருக்கு. ஆனா கை தவறிப் பிழைச்சால் பெட்டி செத்துப்போகும்.”

ராகுலனின் கண் எழுத்துகளில் ஓடியது. “வேண்டாம். இது என்ர வாய்” என்றது பெட்டி.

“அப்ப அந்த ‘ஆமாம்’ பட்டனைப் பாவியுங்கோவன்” என்றாள் சாம்பவி. பெட்டியின் மூலையில் ‘ஆமாம்’ என்று பெரிய பச்சைக் கட்டம் ஒன்று இருந்தது.

“நான் என்ன இந்தியப் படத்திலயே நடிக்கிறன்?” என்றது பெட்டி. கொஞ்சம் பொறுத்து, “ஓம் எண்டால் உமக்கு விளங்கும். எனக்கு அது காணும்.”

மழைக்காலத்தில் அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பெட்டியோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிங்கள டொக்டர் ஒருவர், வயதானவர், அவளை அறைக்கு வெளியே கூட்டிப்போய் ஆங்கிலத்தில் விளக்கினார். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் மெஷின் மூச்சு விடும். அப்படி வருடக்கணக்கில் இருக்கலாம், ஆனால் வீட்டில் இரவும் பகலும் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும். வைக்காவிட்டால் அதிக நாள் இல்லை. நோயாளி தன்னுடைய வாயால் தெளிவாகச் சம்மதித்தால்தான் குழாய்.

“உங்களிடம் கேட்கமாட்டேன்” என்றார் அன்பாக. “எந்த மனைவியிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்.”

அந்த நல்ல மனுசனுக்கு மனைவிமாரைத் தெரியாது. ராகுலன் வேண்டாம் என்றுதான் சொல்வான் என்று சாம்பவி நினைத்திருந்தாள். இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனாலும் அந்த நினைப்பு அவளுக்கு ஆறுதலாக இருந்தது. முழு இரவொன்று நித்திரை கொள்ளலாம் என்ற ஆறுதல். அதற்காக வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை.

டொக்டர் கட்டிலருகே குனிந்து கேட்டார். குழாய் வைக்கட்டுமா? ராகுலனுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். கண் மெதுவாக நகர்ந்தது.

“ஓஓஓம்ம்ம்ம்” என்றது பெட்டி.

நேர்ஸ் பிள்ளை சட்டென்று கைகூப்பிவிட்டாள். டொக்டர் ஓரடி பின்னுக்கு நகர்ந்து தலையைக் குனிந்துகொண்டார். சாமி கும்பிடுகிற மனிதனை யார் குழப்புவது? கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார்.

“ஓஓஓம்ம்ம்ம்.”

ராகுலனின் கண் திரையை விட்டு வந்து சாம்பவியின் முகத்தில் நின்றது. அவன் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டான். இனி அவள் சொல்லவேண்டும்.

“எயா லேஸ்தி” என்றார் டொக்டர் நேர்ஸிடம் சிங்களத்தில், மெல்ல. சாவுக்கு ராகுலன் ஆயத்தமாகிவிட்டானாம். இந்த நேரத்தில் வற்புறுத்தக்கூடாது என்று இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டு திரும்பினார்.

கொம்பனி எங்கேயோ ஒரு நாட்டில் இருந்தது. அதன் சாவியால் இந்த அறையில் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒரே ஒரு சொல் போதும், அதைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சொல்லாமல் நின்றால் ஒருவரும் அவளைக் குற்றம் சொல்லமாட்டார்கள். பெட்டியைத்தான் சொல்வார்கள். அது அவளுக்கு நன்றாக விளங்கியது. விளங்கியபடி நின்றாள். டொக்டர் கதவுவரை போய்விட்டார், கைப்பிடியையும் பிடித்துவிட்டார்.

“டொக்டர்.” அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. சிங்களத்தில் சொன்னாள். அவர் கும்பிடவில்லை, ‘ஒவ்’, அதாவது ஆம் என்றுதான் சொல்கிறார், எங்களுடைய ஆட்கள் அதற்கு அப்படித்தான் சொல்வோம்.

டொக்டர் திரும்பி வந்தார். அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ராகுலனிடம் குனிந்து கேள்வியை மாற்றிக் கேட்டார். குழாய் இல்லாமல் விட்டுவிடட்டுமா?

“இல்லை” என்றது பெட்டி, வெட்டினாற்போல.

டொக்டர் ராகுலனின் காலைத் தொட்டுத் தலையசைத்துவிட்டுக் குழாய்க்கு ஏற்பாடு செய்ய வெளியே போனார். நேர்ஸ் பிள்ளையும் அவருக்குப் பின்னால் ஓடினாள். அறையில் இருவரும் பெட்டியும் மிஞ்சினார்கள்.

ராகுலனின் கண் மறுபடியும் எழுத்துகளுக்குப் போனது. களைத்திருந்தான், ஒவ்வொரு எழுத்துக்கும் நேரம் எடுத்தது. சாம்பவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சொல்ல ஏன் நேரம் சுணங்கினீர்?”

சொல்வதற்கு அவளிடம் ஆயத்தமான பதில் இருந்தது. பெட்டி பிழை, கொம்பனி பிழை, பூட்டு. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய பதில், தானாகவே வரக்கூடியது.

“நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சிருந்தன்” என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணைத் திருப்பி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்தான்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தன்” என்றது பெட்டி.