உருளைக்கு அடித்த பெயின்ட்

இயந்திரங்களைக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜைக்காக, வாகனச் சோதனை நிலையத்தில் வண்டிகளின் பிரேக்கைச் சோதிக்கும் உருளைகளுக்குப் பளபளவென்று சிவப்பு பெயின்ட் அடித்து, சாமந்தி மாலையும் போட்டிருந்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. உருளை சொரசொரப்பாக இருந்தால்தான் டயரைப் பிடிக்கும் என்பது, பூஜை அமர்க்களத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் இயந்திரப் பராமரிப்புக்கு வந்த மெக்கானிக் உதய்க்கு அது உடனே கண்ணில் பட்டது. கரூரிலிருந்து இந்த வங்காள ஊருக்கு வந்து, சால்ட் லேக் பகுதியில் ஒற்றை அறையில் கிடப்பவன். தமிழில் பேச ஆளில்லாமல் நாட்கள் ஊமையாகக் கழியும். சோதனை நிலைய மேலாளர் வெங்கட்ராமன் ஒருவர்தான் ஆறுதல். இதே ஊரின் லேக் கார்டன்ஸிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஞாயிறுதோறும் அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி மாதங்கி, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்வதைக் கேட்க வாரம் பூராவும் காத்திருப்பான்.

"சார், பெயின்டைச் சுரண்டணும். டயர் வழுக்குது. நல்ல பிரேக்கைக்கூடக் கம்மியாக் காட்டும்."

"தெரியும்டா. அதான் கம்ப்யூட்டர் காட்டற அளவை ஏத்தி வெச்சுட்டேன். துர்கா பூஜோ வரப்போறது, வெளியில வண்டி வரிசையைப் பாரு. இன்னிக்கு மெஷினை நிறுத்தினா முதலாளி என்னைத் தொலைச்சுடுவார். எல்லாம் சரின்னு சொல்லிட்டுப் போ. ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வா, மாதங்கி அடை பண்றா."

அந்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டால் இந்த ஊரில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? தலையாட்டிவிட்டான்.

அடுத்து ஒரு பள்ளிக்கூட பஸ் உருளைமேல் ஏறியது. டிரைவர் பிரேக்கை மிதிமிதியென்று மிதித்தார். சக்கரம் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது; பிரேக் பிடிக்கவே இல்லை. திரையிலோ பச்சை விளக்கு, பாஸ்.

உதய் ஓடிப்போய் இயந்திரத்தை நிறுத்தினான்.

"என்னடா பண்றே?"

"சுத்தம் பண்ணி, தெரிஞ்ச எடையை வெச்சு அளவு சரியாக் காட்டுதான்னு பார்க்கிற வரைக்கும் மெஷினை ஓட்ட விடமாட்டேன் சார். இந்த பஸ்ல குழந்தைங்க போகுது."

வெங்கட்ராமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம மனுஷன்னு நெனச்சேன். இனிமே ஆத்துப் பக்கம் வராதே."

உதய் கம்பி பிரஷ்ஷை எடுத்துப் பெயின்டைச் சுரண்ட உட்கார்ந்தான். ஒருவரும் அவனை டீக்குக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தாள். "சார் வீட்டுக்குப் போகலையாப்பா? தனியாவா சாப்பிடுறே?"

நடந்ததைச் சொன்னான். அவள் பெருமூச்சு விட்டாள்.

"தனியாச் சாப்பிட்டாலும் சோறு இறங்குதும்மா," என்றான் உதய். "தப்புன்னு தெரிஞ்சும் தலையாட்டிட்டு நாலு பேரோட உக்காந்தாத்தான் இறங்காது."