கலெக்டர் படகு பார்க்கப் போன நாள்

கடைக்காரர் பழைய படகின் தார்ப்பாயை உருவியதுதான் தாமதம், தையல்காரி செருப்பைக் கீழே உதறிவிட்டு ஏணியில் ஏறிவிட்டாள். மேலே போனதும் அவள் செய்த முதல் காரியம், இருக்கையின் ஓரத்தைத் தூக்கி உள்தையலைப் பார்த்தது. பதினைந்து வருஷமாகக் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவள், வேறு எதைப் பார்ப்பாள்? "ஏங்க, டபுள் தையல் போட்டிருக்கான்! உள்ள பஞ்சு பாருங்க, அமுக்கினா எப்படி எழும்பி வருது!" என்று கத்தினாள். அவள் புருஷன் ஏசி மெக்கானிக். அவன் அதற்குள் பின்பக்கம் போய் மோட்டாரின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தான். அங்கிருந்து "ஆகா" என்று மட்டும் ஒரு சத்தம் வந்தது.

பான்டூன் படகு ஒன்றும் பெரிய ராஜ ரகசியம் இல்லை. அடியில் நீள நீளமாக அலுமினிய உருளைகள், அவற்றின் மேல் தட்டையாக ஒரு தளம், சுற்றிலும் கம்பி வேலி, வேலியில் ஒரு கதவு. மொட்டை மாடியைப் பெயர்த்துத் தண்ணீரில் விட்டதுபோல இருக்கும். அந்தக் கடை முற்றத்தில் விற்பனைக்கு இரண்டு நின்றன. ஒன்று பழசு, ஆனால் பணக்கார வீட்டுப் பழசு: வளைந்து வளைந்து போகும் சோபா, ஓட்டுகிறவருக்குத் தனி மேடை, மேடைமேல் சிம்மாசனம்போல ஒரு நாற்காலி. இன்னொன்று போன வருஷத்துப் புதுசு. அதில் பின்னால் ஒரு பெஞ்சு, முன்னால் ஒரு பிளாஸ்டிக் இருக்கை, ஒரு ஸ்டீயரிங். அவ்வளவுதான், மிச்சமெல்லாம் வெறும் தரை. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று.

படகு வாங்கும் ஆசை வந்ததே அக்காவுக்காகத்தான். தையல்காரியின் அக்கா ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்ப்பவள். ஊரில் பாதிப் பேர் கியர் போடப் படித்தது அவளிடம்தான், மெக்கானிக் உட்பட. அதட்டுகிற அதட்டலைக் கேட்டு வீட்டில் அவளுக்குக் கலெக்டர் என்று பெயர். நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இப்போது சக்கர நாற்காலியில் போய் வகுப்பறையில் சாலை விதி மட்டும் நடத்துகிறாள். விடுமுறைக்கு ஏரிக்குப் போனால் வாடகைப் படகின் குறுகலான வாசலில் நாற்காலி நுழையாது. "நீங்க போயிட்டு வாங்க, பையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள், பாவி. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்தே தையல்காரி, இந்த வருஷம் அக்கா தண்ணீரில் இருக்க வேண்டும், அதுவும் ராணி மாதிரி மெத்தையில் சாய்ந்து இருக்க வேண்டும் என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள். முடிவு கட்டியவள் சும்மா இருந்தாளா? பழைய படகின் போட்டோவை மட்டும் பார்த்து, அதன் சோபாவுக்கென்று நீல நிறத்தில் மூன்று சுருள் ரெக்சின் வாங்கிக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டுதான் படகு பார்க்கவே வந்திருந்தாள். படகை வாங்குவதற்கு முன்னால் அதற்குச் சட்டை எடுத்தவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"அக்கா, இங்க ஒரு மூலை இருக்கு! நீ சாஞ்சுக்கலாம்! காலுக்குக்கூட மெத்தை!"

"எனக்கு உருளைதான்டி தெரியுது" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

தையல்காரிக்குச் சுருக்கென்றது. கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். படகுகள் இரும்புத் தாங்கிகளின்மேல் ஆள் நெஞ்சு உயரத்துக்கு நின்றன. அக்கா மண் தரையில், நாற்காலியில், அண்ணாந்து படகின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காகப் படகு பார்க்க வந்தார்களோ அவளைக் கீழேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் மேலே கூத்தடித்துக்கொண்டிருக்கிறார்கள். அடச்சே, கரையில் விட்டதும் இல்லாமல் கடையிலும் விட்டுவிட்டோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

முற்றத்து மூலையில் சரக்குத் தூக்கும் வண்டி ஒன்று நின்றது. அக்காவின் கண் எப்போதோ அதன்மேல் விழுந்திருக்க வேண்டும். "அண்ணே, அது ஓடுமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"ஓடும் மேடம். ஆனா அதுல எஞ்சினத்தான் தூக்குவோம். ஆளத் தூக்கினதில்ல."

"எஞ்சினவிட நான் வெயிட்டு கம்மிதான். தூக்குங்க."

கலெக்டர் உத்தரவுக்கு மறுபேச்சு ஏது? இரும்புக் கையில் அகலமான பலகையை வைத்துக் கட்டி, நாற்காலியை ஏற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மெக்கானிக் பின்னால் நின்று பிடித்துக்கொள்ள, வண்டி உறுமியபடி அவர்களைத் தூக்கியது. அக்கா சின்னப் பிள்ளைபோல "ஓ!" என்று கூவினாள். மேலே நின்ற தையல்காரிக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

பழைய படகின் கதவில் நாற்காலி அழகாக நுழைந்தது. நுழைந்து, அங்கேயே நின்றுவிட்டது. முன்னால் சோபாவின் வளைவு, பக்கத்தில் மேடை, திரும்ப ஒரு சாண் இடம் கிடையாது.

"பரவால்ல அண்ணி, நான் தூக்கி சோபால உக்கார வெச்சிடறேன்" என்றான் மெக்கானிக்.

"நாற்காலி?"

"அது கரையில இருக்கட்டுமே."

அக்கா எட்டிச் சோபாவைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான்டி இருக்கு. நீ சொன்னது நெசம்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, கடைக்காரரைப் பார்த்து, "அடுத்தத காட்டுங்க" என்றாள்.

புதுப் படகுக்கும் அதே வண்டிதான் தூக்கிவிட்டது. கதவைத் தாண்டியதும் அவள் ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி மறு சக்கரத்தைத் தள்ளினாள். நாற்காலி ஒரு முழு வட்டம் அடித்தது. மறுபடியும் ஒன்று. இடிக்க ஒன்றுமே இல்லை. தையல்காரி மொட்டைத் தரையையும், முதுகு சாயக்கூட வழியில்லாத பெஞ்சையும் பார்த்தாள். அதன் தையலைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். இதில் இவளை எங்கே உட்கார வைப்பது, வெயிலில் எப்படிச் சாய்வாள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா நேராக முன்னால் போய்விட்டாள்.

"மாப்பிள்ளை, இந்த சீட்டுல நாலே போல்ட்டுதான் இருக்கு. கழட்ட முடியுமா?"

"கழட்டலாம் அண்ணி. எதுக்கு?"

"கழட்டுங்களேன்."

"வாங்கலன்னா திருப்பி மாட்டிக் குடுத்துடணும்" என்றார் கடைக்காரர், கீழேயிருந்து. மெக்கானிக் காருக்கு ஓடி ஸ்பானரோடு வந்தான். நாலு போல்ட்டும் கழன்றன, பிளாஸ்டிக் இருக்கை ஓரமாகப் போனது. அந்தக் காலி இடத்தில் அக்கா நாற்காலியை உருட்டி நிறுத்தி, பிரேக்கைப் போட்டாள். முழங்கால் இடிக்கவில்லை. கை எட்டியது.

"அக்கா, நீயா ஓட்டப்போற?"

"பின்ன? உங்க ரெண்டு பேர நம்பித் தண்ணில எறங்கச் சொல்றியா?"

தையல்காரி ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் இருக்கையைப் பார்த்தாள். நாலு வருஷமாக இவளை எங்கே உட்கார வைப்பது, எதில் சாய வைப்பது என்றே யோசித்திருக்கிறார்கள். எங்கே போக வேண்டும் என்று ஒருத்தராவது கேட்டார்களா? சந்தோஷமும் வெட்கமும் ஒன்றாகப் பொங்க, அக்காவின் தலையைப் பிடித்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள்.

"ஓட்டும்போது தொடக் கூடாது. ரெண்டு பேரும் பின்னாடி போய் உக்காருங்க. பேச்சு சத்தம் வரக் கூடாது."

இருவரும் போய் அந்த மொட்டை பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தார்கள். அக்கா முதுகை நிமிர்த்தினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், பிறகு ஸ்டீயரிங்கை மெதுவாக ஒடித்தாள். பின்னால் மோட்டார் முனகிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியது. அதன் நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து தள்ளிப் போய் நின்றது. படகு தாங்கியின்மேல் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தையல்காரி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.