தலையணைக்குள் இருந்த ஊர்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் காற்று அடிக்கிறது, இப்படி என் பக்கமாக வாருங்கள். கையில் இருக்கிற வேலையைக் கீழே வைக்க வேண்டாம். வேலையோடு வேலையாகக் கேட்கிற கதைதான் இது. ஒரு துணித்துண்டை வைத்துக்கொண்டு ஊர் தேடிப் போனவளைப் பற்றிச் சொல்கிறேன்.

அவளை எல்லோரும் காஜாக்கா என்பார்கள். சட்டையில் பொத்தான் நுழைகிற துளையை வெட்டி, ஓரம் பிரியாமல் நூலால் கட்டுகிற வேலைக்குத் தையற்கடையில் காஜா எடுப்பது என்று பேர். பள்ளிக்கூடம் விட்ட கையோடு அம்மாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து அந்த வேலையைத்தான் முதலில் தொட்டாள். பிறகு வெட்டும் தையலும் கைக்கு வந்தன, தலையும் நரைத்தது, பேர் மட்டும் காஜாவிலேயே நின்றுவிட்டது. கல்யாணம் கூடிவரவில்லை. அப்பா அவளுக்கு விவரம் தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். கடைக்கு மேலே ஒற்றை அறை, இரண்டு கட்டில், அம்மாவும் அவளும். அப்படியே ஒரு ஆயுசு ஓடிவிட்டது.

அம்மாவுக்குக் கண் மங்கிய பிறகு தினமும் காலையில் அவள்தான் ஊசிகளில் நூல் கோத்து, அம்மாவுக்கென்று ஒரு பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தி வைப்பாள். அம்மா போன பிறகும் கை கேட்கவில்லை. காலையில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு அந்தத் திண்டை எடுத்துவிடும். கோத்த ஊசிகள் அப்படியே நிற்கும், சாயங்காலம் அவளே நூலை உருவிப் போடுவாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அய்யோ பாவம் என்பார்கள். அந்தப் பேச்சு அவளுக்கு ஆகாது.

அம்மா தன் பிறந்த வீட்டைப் பற்றி வாயே திறந்ததில்லை. தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதற்காக அவளுடைய அப்பா வாசலில் வைத்துப் பேசிய ஒரு பேச்சு, "இனி இந்த வாசல்ல கால் வெக்க மாட்டேன்" என்று அவள் திருப்பிச் சொன்ன ஒரு பேச்சு, அவ்வளவுதான் மகளுக்குத் தெரியும். அதற்கு மேல் துருவினால், "ஊரு என்னடி ஊரு. துணி ஆலை இருந்துச்சு, ரயில் போச்சு, வாய்க்கால் ஓடுச்சு. எல்லா ஊர்லயும் இருக்கறதுதான்" என்பாள். ஒரே ஒரு தடவை, காய்ச்சலில் கிடந்தபோது, "எனக்கொரு தங்கச்சி இருந்தா. என்னைவிட நல்லா காஜா எடுப்பா" என்றாள். மறுநாள் கேட்டதற்கு, "காய்ச்சல்ல ஏதாச்சும் உளறியிருப்பேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மாவின் தலையணை உறையைத் துவைக்கலாம் என்று உள்புறம் வெளியே வரத் திருப்பினாள் காஜாக்கா. உள்ளே கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளைப் பருத்தித் துண்டு, நாலு ஓரமும் உறையோடு சேர்த்துத் தைத்திருந்தது. அதில் நீல நூலில் வளைந்து போகிற ஒரு கோடு. கறுப்பு நூலில் ஏணி போல ஒரு பாதை, அது ரயிலாக இருக்க வேண்டும். பழுப்பு நூலில் தெருக்கள். எல்லாம் ஓட்டுத் தையல். நீலக் கோடு வளைகிற மூலையில், பொத்தானே இல்லாத அந்தத் துணியில், ஒரே ஒரு காஜா.

அம்மா ஊரைத் தைத்து வைத்திருக்கிறாள். அந்த ஊரின் மேல்தான் இத்தனை வருஷமும் தலை வைத்துப் படுத்திருக்கிறாள்.

காஜாக்கா தையலைப் பிரித்து, துண்டை இஸ்திரி போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து அம்மாவின் கட்டிலுக்கு மேலே மாட்டினாள். பார்க்கப் பார்க்க ஒன்று மட்டும் நெஞ்சை அறுத்தது. அந்தக் காஜா சரியாக வந்திருக்கவில்லை. ஓரம் ஏறி இறங்கியிருந்தது, நூல் முனை பிசிறாகத் தெரிந்தது. கண் மங்கிய பிறகும் அச்சு வார்த்தாற்போல எடுத்தவள் அம்மா. காஜாவாகப் போட்ட இந்தப் பிறந்த வீட்டைத் தைக்கும்போது கை நடுங்கியிருக்கிறது, அழுதுகொண்டே தைத்திருக்கிறாள் என்று மகள் எண்ணிக்கொண்டாள். எண்ணி எண்ணித் தானும் அழுதாள். அழுது ஓய்ந்தபோது ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தத் தங்கச்சி உயிரோடு இருந்தால்? இந்தப் பெரிய உலகத்தில் சித்தி என்று கூப்பிட எனக்கும் ஒரு ஆள் இருந்தால்?

நில அளவை அலுவலகத்தின் பின்கட்டில் பழைய வரைபடங்கள் வைத்திருக்கும் அறை ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், ஆனால் போகிறவர்தான் யாரும் இல்லை. கடை விடுமுறை நாளெல்லாம் காஜாக்கா அங்கே போக ஆரம்பித்தாள். "என்னக்கா, முகத்தக் கழுவி எங்க கெளம்பிட்டீங்க? மாப்பிள்ளை பாக்கவா?" என்று கடையில் துணி வெட்டுகிறவன் சீண்டினான். "ஆமாண்டா, உனக்குத்தான் பாக்கறேன். எவனும் ஒத்துக்க மாட்டேங்கறான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வரைபட அறையைப் பார்த்துக்கொண்டவர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். துணி ஒட்டிய பெரிய தாள்களைச் சுருள் சுருளாகத் தூக்கி வந்து மேசையில் விரித்து, மூலைகள் சுருளாமல் இருக்கச் சின்னச் சின்ன மணல் மூட்டைகளை வைப்பார். வீடுகளெல்லாம் மசியால் தொட்டு வைத்த கட்டங்கள். கிணறு ஒரு வட்டம். ரயில் பாதை, அம்மா தைத்த அதே ஏணி.

"எந்த ஊர்ம்மா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வர்றேன்?"

அவர் சிரித்துவிட்டார். "சரி. ஆலை, ரயில், வாய்க்கால். மூணும் இருக்கற ஊரா எடுத்துப் போடறேன். எல்லா ஊரும் என் கையில இருக்கு. நான் நேர்ல போனது பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்."

ஒவ்வொரு ஊராக வந்தது, ஒவ்வொரு ஊராகச் சுருண்டு போனது. அவள் கைபேசியில் எடுத்து வந்த படத்தைத் தாளுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வாள். ரயில் பாதையைத் தாண்டியதும் வாய்க்கால் இடப்பக்கம் வளைய வேண்டும், வளைவில் மூன்று தெரு பிரிய வேண்டும். ஒரு ஊரில் வாய்க்கால் வளையவே இல்லை. இன்னொன்றில் வளைந்தது, தெரு இல்லை. தாளைத் தலைகீழாகவும் பார்த்தார்கள், படுக்கை வசமாகவும் பார்த்தார்கள். மழைக்காலம் வந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் அவள் அந்த மசிக் கட்டங்களுக்குள் ஒரு சித்தியை உட்கார வைத்துப் பார்ப்பாள். சுருளை மூடும்போது சித்தியும் உள்ளே போய்விடுவாள். திரும்பி வந்து அறைக் கதவைத் திறந்தால் யாருடைய சத்தமும் இருக்காது. செருப்பைக் கழற்றிப் போடுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

"என் வீட்டுக்காரி கூட என்னை இப்படித் தேடினதில்ல" என்றார் அவர் ஒருநாள். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினார். "போன் படத்துல அளவு தெரிய மாட்டேங்குதும்மா. அசலைக் கொண்டாங்களேன். தாள் மேலயே வெச்சுப் பாத்துடுவோம். அதுலயும் இல்லன்னா, என்கிட்ட வேற ஊர் இல்ல."

அடுத்த விடுமுறையில் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். மேசையில் கவிழ்த்து வைத்து, பின்னாலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, அட்டையைத் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அட்டைக்குக் கீழே, சட்டம் போட்ட அன்றிலிருந்து அவள் பார்க்காத பக்கம், ஒரு காஜா. முடிச்சுகள் ஒன்றோடொன்று தோள் உரசி முத்துக் கோத்தாற்போல நின்றன. ஒரு பிசிறு இல்லை. ஒரு முனை விசிறி போல விரிந்திருந்தது, மறுமுனையில் மூன்று சுற்றுக் கட்டு. அம்மாவுடைய கட்டு. கடையில் வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"தப்பான பக்கத்தப் பாத்து இத்தனை நாளா அழுதிருக்கேன் சார்" என்றாள் அவள். "இதுதான் நல்ல பக்கம்."

ஓட்டுத் தையல் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். காஜா அப்படியில்லை. தையற்காரியாகப் பார்த்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள், அவள் மகளாகப் பார்த்தாள். அம்மா நல்ல பக்கத்தைத் தன் கன்னத்தின் பக்கமாக வைத்துத் தைத்திருக்கிறாள். உறையைத் திருப்பியவளுக்குப் பின்பக்கம் கிடைத்திருக்கிறது. இடம் வலமாகி, வலம் இடமாகி, ஊர் முழுக்க அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அம்மாவின் கை நடுங்கவே இல்லை. அழுதுகொண்டு இப்படி ஒரு காஜா எடுக்க முடியாது. கோபித்துக்கொண்டு வந்த வாசலை அவள் ஆசை ஆசையாகத் தைத்திருக்கிறாள்.

வரைபடக்காரர் உள்ளே போய், முதல் நாள் விரித்து, வளைவு எதிர்ப்பக்கம் போகிறதென்று ஒதுக்கிய முதல் சுருளையே எடுத்து வந்தார். ரயிலைத் தாண்டி வாய்க்கால் வலப்பக்கம் வளைந்தது. வளைவில் மூன்று தெரு. மூலையில் ஒரு மசிக் கட்டம். துண்டை அதன்மேல் வைத்தபோது, காஜாவின் துளை வழியாக அந்தக் கட்டம் தெரிந்தது.

"போய்ட்டு வாங்க" என்றார் அவர். சுருளைக் கட்டிக்கொண்டே, "வந்து சொல்லுங்க, எப்படி இருக்குன்னு" என்றார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். ஆலை இடிந்து புகைபோக்கி மட்டும் நின்றது. வாய்க்காலை மூடித் தார் போட்டிருந்தார்கள், ஆனாலும் தெரு அந்த வளைவை மறக்காமல் வலப்பக்கமாகத் திரும்பிற்று. மூலையில் தாழ்ந்த கூரையோடு ஒரு வீடு. கதவில் பூட்டு, கை பட்டுப் பட்டு மினுங்குகிற பூட்டு. பக்கவாட்டுக் கொடியில் கழுத்திலிருந்து கீழ் வரைக்கும் பொத்தான் வைத்த பருத்தி அங்கி ஒன்று, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

தொடலாமா என்று தயங்கி, பிறகு தொட்டாள். காஜாவைப் பெருவிரலால் தடவினாள். முத்துக் கோத்த ஓரம். ஒரு முனையில் விசிறி. மறுமுனையில் மூன்று சுற்றுக் கட்டு.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "யாரு வேணும்?"

"இந்த வீட்டுல... இருக்கறவங்க."

"மருந்து வாங்கப் போயிருக்காங்க. நடை மெதுவா இருக்கும், வர நேரமாகும். ஒண்டியாதான் இருக்காங்க, யாரும் தேடி வந்து நான் பாத்ததில்ல. நீங்க யாரு?"

அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று ரயிலில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தாள்.

"அவங்க அக்கா பொண்ணு."

"அக்காவா?" ஜன்னல்காரி புருவத்தை நெரித்தாள். "அக்கா இருக்கறதா சொன்னதே இல்லையே."

"எங்கம்மாவும் வாய் தெறந்து சொன்னதில்ல" என்றாள் காஜாக்கா.

ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது. அவள் வாசற்படியைப் பார்த்தாள். அம்மா கால் வைக்க மாட்டேன் என்ற படி. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதில் உட்கார்ந்தாள். துணித்துண்டை எடுத்து நல்ல பக்கம் மேலே வர மடியில் விரித்துக்கொண்டாள். வெயில் தெருவைத் தாண்டி வந்து அவள் கால்விரலைத் தொட்டது. கொடியில் அங்கி சொட்டுவது நின்று, காற்றில் ஒரு கை மட்டும் லேசாகத் தூக்கித் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. தெருக்கோடியில், வளைவுக்கு அந்தப் பக்கம், தடி ஊன்றுகிற சத்தம் போல ஏதோ கேட்டது.

எனக்குத் தெரிந்தது அதுவரைக்கும்தான், கண்ணுகளா. நேரமாயிற்று, எழுந்து போய் விளக்கைப் போடுங்கள். உங்கள் வாசலை எந்த நேரத்தில் யார் வந்து தட்டினாலும், "யாரு?" என்று கேட்க உள்ளே ஒரு குரல் இருக்கட்டும். வெளியே நிற்கிறவருக்குச் சொல்ல ஓர் உறவும் இருக்கட்டும். உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும்.