பொலிவியாவில் ஒரு ஊக்கு

பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே நெய்டா கலிசாயா எழுந்து நின்றுவிட்டாள். முதலிடம் பிடித்தவளுக்கு இவ்வளவு அவசரம் ஆகாது என்று தோன்றி மறுபடி உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் எழுந்தாள். அரங்கத்தில் இருந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள், வேறு வழியில்லை.

பெரு நாட்டு அரேகிப்பா நகரின் அந்த வணிகப் பள்ளியில் இதுதான் வழக்கம். முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் வெளிநாட்டில் படிக்கலாம். எந்த ஊர் என்பதை மதிப்பெண் வரிசையில் ஒவ்வொருவராக மேடையேறி, எல்லோர் கண்முன்னும் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவர் முழுக்க உலகப்படம். மேசைமேல் ஒவ்வொரு ஊருக்கும் சின்னக் கொடி ஒட்டிய குண்டூசி. ஊசியைப் படத்தில் குத்தினால் குத்தியதுதான். பிடுங்கி வேறிடத்தில் குத்த முடியாது. பெற்றோர் செய்துவைக்கிற கல்யாணத்தில்கூட இதைவிடக் கொஞ்சம் யோசிக்க நேரம் கிடைக்கும்.

லியோனுக்கு ஓர் இடம். மிலானுக்கு ஒன்று. பார்சிலோனாவுக்கு இரண்டு. அப்படியே இறங்கிக்கொண்டே போய், பட்டியலின் அடிமட்டத்தில், யாரோ பேனா மையைத் தீர்ப்பதற்காக எழுதியதுபோல லா பாஸ், பொலிவியா.

"சீக்கிரம் லியோனைக் குத்திட்டு இறங்கு," என்றான் பக்கத்து இருக்கை ரென்ஸோ. அவன் இரண்டாமிடம். இரண்டு வருடமாக லியோனுக்காகப் பிரெஞ்சு படித்துக்கொண்டிருந்தவன். "எனக்கு மனசு ஒடையணும்னா ஒரேயடியா ஒடையட்டும். இழுத்தடிக்காதே."

மேடையில் இயக்குநர் டாக்டர் லிசார்தோ ரிவேரோ லியோன் ஊசியைத் தாம்பாளத்தில் வைக்காத குறையாக நீட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அவசரம் இருந்தது. பள்ளியின் புதிய விளம்பரத் தாள் ஏற்கெனவே ஐந்நூறு பிரதி அச்சாகியிருந்தது. 'சந்தைக் கடையிலிருந்து லியோன் வரை' என்று தலைப்பு. கீழே நெய்டாவும், அவள் அம்மாவும், அம்மாவின் கம்பளிக் கடையும். பிப்ரவரியில் ஒரு புகைப்படக்காரர் கடைக்கு வந்து, அம்மாவின் தொப்பியைக் கழற்றச் சொல்லி, போடச் சொல்லி, மறுபடி கழற்றச் சொல்லி எடுத்த படம் அது. முதலிடம் பிடிப்பவள் லியோனைத் தவிர வேறெங்கே போய்விடுவாள் என்ற நினைப்பில் அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அதுவரை தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

நெய்டா மேசையைப் பார்த்தாள். "டாக்டர், லா பாஸ் ஊசி எங்க இருக்கு?"

"எது?"

"லா பாஸ். பட்டியல்ல கடைசியா இருக்கே."

டாக்டர் ரிவேரோ நல்ல மனிதர். அதனாலேயே குரலைத் தாழ்த்தினார். ஆனால் ஒலிவாங்கி சட்டையில் மாட்டியிருந்தது. "பாரும்மா, அந்த ஒப்பந்தம் சும்மா மரியாதைக்குப் போட்டது. ஆறு வருஷமா ஒருத்தரும் போனதில்ல. அதுக்கு ஊசியே செய்யல."

அரங்கம் கொல்லென்று சிரித்தது.

"நான் போறேன்."

"பயமா இருந்தா சொல்லு. லியோன்ல தங்குறதுக்கு, குளிருக்கு, எல்லாத்துக்கும் நாங்க ஏற்பாடு பண்றோம். உனக்குப் பழகின இடமா இருக்கட்டும்னு நெனைக்கிறே, அது புரியுது. ஆனா பழகின இடத்துக்குப் போறதுக்கா முதலிடம் எடுத்தே?"

இந்தப் பேச்சைத்தான் நெய்டா மூன்று வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முன்னால் நின்று நல்ல பதிலாக நான்கு தயாரித்து வைத்திருந்தாள். மேடையில் நின்றபோது நான்கும் மறந்துபோயின.

"பயமெல்லாம் இல்ல டாக்டர்," என்றாள். "எனக்கு அங்கதான் படிக்கணும். லியோன்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. யோசி."

"யோசிச்சாச்சு. மிச்சத்தை ரென்ஸோவுக்குக் குடுங்க."

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது: "விட்டுடுங்க டாக்டர், பொண்ணுக்குப் பனி பிடிச்சிருச்சு."

மிஸ்தி எரிமலையில் பனி விழுகிற நாளில் அரேகிப்பாக்காரர்களுக்குக் காரணமில்லாமல் வீம்பு ஏறும் என்பது அந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற குறை. மண்ணின் மைந்தர்களுக்கு மட்டுமே அது வரும் என்பார்கள். நெய்டாவுடையதைப் போல மலைமேலிருந்து பிழைக்க வந்த ஐமாரா பழங்குடிக் குடும்பங்களுக்கு, நாற்பது வருடம் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும், வராதாம். ஆக, அன்றைக்குத்தான் நெய்டாவை முதன்முறையாக ஊர்க்காரியாக ஒத்துக்கொண்டார்கள். ஊரைவிட்டுப் போகிறேன் என்று அவள் பிடிவாதம் பிடித்த நேரத்தில்.

ஊசி இல்லை. சரி. நெய்டா குனிந்து பாவாடை ஓரத்தில் கை வைத்தாள். அன்று காலை அவசரத்தில் தையல் பிரிந்து, அம்மா கடையில் கம்பளிகளுக்கு விலைச்சீட்டு மாட்டுகிற பெரிய ஊக்கு ஒன்றைக் குத்திக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கழற்றி விரித்து, தித்திக்காக்கா ஏரிக்கு ஒரு விரற்கடை தள்ளி, பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். ஊக்கு ஆடாமல் நின்றது. பாவாடை ஓரம் மட்டும் ஒரு பக்கம் கணுக்கால் வரை இறங்கியது.

அந்தக் கோலத்திலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். படியிறங்கும்போது எதிரே ஏறிய ரென்ஸோ, "உனக்கு நான் என்ன செய்யணும் சொல்லு," என்றான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

"வேகமா மேடைக்குப் போ. என் பாவாடையைப் பார்க்கறவங்க உன்னைப் பார்க்கட்டும்."

அரங்கத்தை விட்டு வெளியே வந்து சந்தையை நோக்கி நடந்தபோதுதான் நிஜமான பயம் தொடங்கியது. இயக்குநர் பெரிய ஆள் இல்லை. பெரிய ஆள் அவெலினோ சந்தையில், மூன்றாம் வரிசை, பதினேழாம் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா சாந்துசா கம்பளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் கயிற்றில் அந்த விளம்பரத் தாள் இரண்டு கிளிப்புகளில் தொங்கியது. கடையில் சில்லறை கேட்டு வருகிறவர்களுக்குக்கூட அதைப் படித்துக் காட்டாமல் அவள் அனுப்புவதில்லை. மூலையில் எக்கேக்கோ: மீசை வைத்து, இரண்டு கையையும் விரித்து, உடம்பெல்லாம் பொருள் தொங்க நிற்கிற களிமண் பொம்மை. ஜனவரி இருபத்துநாலு உச்சிப்பொழுதில், வேண்டியது எதுவோ அதைக் குட்டியாக வாங்கி அவன்மேல் மாட்டினால், வருடம் முடிவதற்குள் அது பெரிதாக வந்து சேரும். இந்த வருடம் அவன் கழுத்தில் கட்டைவிரல் அளவு பெட்டி ஒன்று, நகத்தளவு பாஸ்போர்ட் ஒன்று, யூரோ நோட்டுக் கட்டு ஒன்று.

அம்மாவின் கண் நேராகப் பாவாடைக்குப் போனது. "இப்படியேவா டவுன் முழுக்க வந்தே? ஊக்கு எங்கடி?"

"பொலிவியாவுல இருக்கு."

"என்னது?"

"படத்துல. லா பாஸ்ல குத்திட்டேன். அங்கதான் படிக்கப் போறேன்மா."

சாந்துசா கம்பளி ஒன்றை எடுத்து மடித்தாள். இரண்டாக, நான்காக, எட்டாக. அதற்குமேல் கம்பளி மடியவில்லை. அவள் விடாமல் முழங்காலை வைத்து அழுத்தினாள்.

"பொலிவியா," என்றாள் கடைசியில். "மாசத்துக்கு ரெண்டு வியாழன் நான் போறேனே, அந்தப் பொலிவியாவா?"

"அதேதான்."

"பதினெட்டு வருஷமா மூட்டையைத் தூக்கிட்டு அந்த எல்லைப் பாலத்தைத் தாண்டுறேன். எதுக்கு? நீ தாண்டக் கூடாதுன்னுதான். அதைத் தாண்ட ஒரு முதுகலையா? எங்கிட்டச் சொல்லியிருந்தா பஸ்காரன்கிட்டச் சொல்லி ஜன்னல் சீட்டு வாங்கித் தந்திருப்பேனே."

நெய்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் பின்னாலேயே வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டுப் பையிலிருந்து தடித்த பாடப்புத்தகத்தை எடுத்தாள். "இதுல நீ இருக்கே."

"நானா?"

"உன் பேரு இல்ல. நீ பண்ற வியாபாரம். நானூத்திப் பன்னெண்டாம் பக்கம். மூணே வரி." எல்லையோரச் சந்தைகளின் பெண் வணிகர்களைப் பற்றி அங்கே எழுதியிருந்ததை வாசித்தாள். அவர்களுடைய வணிகம் பழக்கத்தால் நடப்பது. அதில் எழுத்தும் இல்லை, திட்டமும் இல்லை. ஆகவே ஆராய அதிகம் இல்லை.

"திட்டம் இல்லியாமா?"

"இல்லியாம்."

"குளிருக்கு மூணு மாசம் முன்னாடி கம்பளி வாங்கி வைக்கிறேனே, அது என்ன, தூக்கத்துலயா? சீனாவுல இருந்து வர்ற ஒரு கன்டெய்னரையே லா பாஸுக்குப் பக்கத்துல எல் ஆல்தோவுல ஏழு பொம்பளைங்க சேர்ந்து எறக்குறாங்களே. ஒரு காகிதம் கெடையாது. போன திருவிழாவை எடுத்து நடத்தினது யாரு, மேளக்காரனுக்கு ஒழுங்கா சோறு போட்டாளா, அதைப் பார்த்துத்தானே ஒருத்தியை நம்பறதா வேண்டாமான்னு முடிவு பண்றாங்க. இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. லா பாஸ்ல ஒரே ஒரு பேராசிரியை பாடமா நடத்துறாங்க. அதுக்குத்தான் போறேன்."

"இந்த மூணு வரியை எழுதினது யாரு?"

நெய்டா புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிக் காட்டினாள். தாடி வைத்த ஒருவர் அன்பாகச் சிரித்துக்கொண்டிருந்தார். "லியோன்ல இருக்காரு. அங்க போனா இவர்தான் எனக்கு வாத்தியாரு."

சாந்துசா அந்தத் தாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஆனால் பதினெட்டு வருடக் கோபம் மூன்று வரியில் இறங்கிவிடாது. எழுந்துபோய் எக்கேக்கோவின் கழுத்திலிருந்து பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் வெடுக்கென்று பறித்து மேசைமேல் எறிந்தாள். "இவனும் ஏமாத்திட்டான்."

எதிர்க்கடை ஃபோர்துனாத்தா அதுவரை உருளைக்கிழங்கு உரிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தவள், அதற்குமேல் தாங்காமல் வந்துவிட்டாள். நெய்டாவுக்கு ஞானத்தாய் அவள். ஞானஸ்நானத்தன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற உரிமையில் எதிலும் மூக்கை நுழைப்பாள். மேசைமேல் கிடந்த நகத்தளவு பாஸ்போர்ட்டை எடுத்துக் கண்ணுக்கு அருகே பிடித்தாள். உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள்.

"அடி சாந்துசா, இதை எங்க வாங்கினே?"

"லா பாஸ்ல. சரியா உச்சிப்பொழுதுல, கூட்டத்துல நசுங்கி வாங்கினேன். ஏன்?"

"கண்ணாடி போட்டுட்டு வாங்கியிருக்கலாமே. இது பொலிவியா பாஸ்போர்ட்டு. நீ கேட்டதைத்தான் அவன் குடுத்திருக்கான், அவனை ஏன் திட்டறே?"

சாந்துசா பிடுங்கிப் பார்த்தாள். கருஞ்சிவப்பு அட்டையில் எறும்பு எழுத்தில் நாட்டின் பெயர் இருந்தது. ஜனவரியிலேயே நெய்டா அதைக் கவனித்திருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை, எக்கேக்கோவுக்கு மட்டும் வழக்கப்படி வாயில் ஒரு சிகரெட் வைத்து நன்றி சொல்லியிருந்தாள். இப்போது அவள் கம்பளிகளை எண்ணுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

ஃபோர்துனாத்தா அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "போகட்டும் விடு. நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு லியோனும் கீயோனும். எம் மவன் மாட்ரிட்ல இருக்கான்னா, அவனுக்கு அந்தத் துணிச்சல் இருந்தது. இவளுக்கு மூட்டை தூக்கற தூரம்தான் எழுதியிருக்கு போல. பாவம், முதலிடம் எடுத்து என்ன."

சாந்துசா தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். தொப்பி நேராகத்தான் இருந்தது.

"யாரு பாவம்? நாற்பது பேரு முன்னாடி, இயக்குநர் நீட்டின ஊசியை வேண்டாம்னு சொல்லிட்டு, தன் பாவாடை ஊக்கைக் கழட்டிக் குத்திட்டு வந்திருக்கா. உம் மவன் மாட்ரிட்ல தட்டு கழுவறான், நல்ல வேலைதான், நான் குறை சொல்லல. ஆனா அவனை யாரும் எங்கே போறேன்னு கேக்கல. எம் பொண்ணைக் கேட்டாங்க. அவ பதில் சொன்னா."

"நீயே இப்பத்தானே அவளைத் திட்டிக்கிட்டு இருந்தே!"

"நான் திட்டுவேன். நீ திட்டாதே."

அம்மா தன்பக்கம் வந்துவிட்டாளா, ஃபோர்துனாத்தாவுக்கு எதிர்ப்பக்கம் போனாளா என்று நெய்டாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று மட்டும் தெரிந்தது.

சாந்துசா பெட்டியை மறுபடி எக்கேக்கோ கழுத்தில் மாட்டினாள். பாஸ்போர்ட்டை மாட்டினாள். யூரோக் கட்டைத் தொட்டு, ஒரு கணம் யோசித்து, அப்படியே விட்டாள். "இருக்கட்டும். எல் ஆல்தோவுல அதையும் மாத்திக் குடுப்பாங்க." பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "வகுப்பு தொடங்குறது எப்போ?"

"ஆகஸ்ட்ல."

"அதுக்கு முன்னாடி ரெண்டு வியாழன் எங்கூட வா. அந்த ஏழு பேருகிட்டயும் நான் அறிமுகப்படுத்தினாத்தான் வாய் தெறப்பாளுங்க. உன் பேராசிரியையும் வேணும்னா வரட்டும். மூட்டை ரெண்டு நீதான் தூக்கணும். படிக்க வந்தவன்னு சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே."

"சரிம்மா."

"பாவாடையைத் தைச்சுக்கோ முதல்ல."

சொல்லிவிட்டு, விலை எழுதுகிற சிவப்புப் பேனாவைக் காதோரத்திலிருந்து எடுத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். கயிற்றில் தொங்கிய விளம்பரத் தாளில் 'லியோன்' என்ற சொல்லின்மேல், பழைய விலையை அடிக்கிற அதே கோட்டை இழுத்தாள். கீழே கொட்டை எழுத்தில் 'லா பாஸ்' என்று எழுதினாள்.

ஃபோர்துனாத்தா அண்ணாந்து பார்த்தாள். "என்ன, விலையைக் குறைச்சிட்டியா?"

"ஏத்தியிருக்கேன்," என்றாள் சாந்துசா, ஸ்டூலிலிருந்து இறங்காமலே.