கார்கோடகனின் இரண்டாவது மேடு

கார்கோடகன் நிற்பதற்கு இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. மாலை ஆறு மணிக்குக் கடைசி ஓட்டம் என்று சந்திரா லேண்ட் கேளிக்கைப் பூங்காவின் வாசலில் தட்டி கட்டியிருந்தார்கள். புதிய பகுதியின் வளர்ச்சிப் பணிகளுக்காகக் கார்கோடகன் என்ற ரோலர்கோஸ்டர் ரயில் நிரந்தரமாக நிறுத்தப்படுகிறதாம். வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்க வேண்டுமாம். அபிநயா அந்தத் தட்டியின் நிழலில் நின்றிருந்தாள். வாழப்பாடியிலிருந்து சேலம் வந்து, அங்கே பஸ் மாறி, நாமக்கல் ரோட்டில் இறங்கி நடந்து வந்ததில் சுடிதாரின் முதுகு நனைந்திருந்தது. இரண்டு வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கும் மூன்று பேரை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கப்போகிறாள். பேசிக்கொண்டிருக்கும் என்பதுகூடச் சரியில்லை. அவள் எழுதியிருக்கிறாள், அவர்கள் படித்திருக்கிறார்கள்.

‘சந்திரா லேண்டு வெறியர்கள்’ என்பது வாட்ஸ்அப் குழுவின் பெயர். ஆத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் நந்தகுமார் அதன் அட்மின். பார்க்கில் எந்த ராட்டினத்துக்குப் புது பெயின்ட் அடித்தார்கள், எந்தக் குளத்தில் மோட்டார் மாற்றினார்கள் என்பதெல்லாம் அங்கே செய்தி. ஆனால் நான்கு வருடமாக எல்லாச் சண்டையும் புதிய பகுதியைப் பற்றித்தான். பார்க்கின் தென்கோடியைத் தகரத்தால் அடைத்து, அதற்கு மேலே பச்சை வலை கட்டிவிட்டார்கள். உள்ளே என்ன வருகிறது என்று நிர்வாகம் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்க ஒரே வழி கார்கோடகன்தான். பாம்புத் தலை வைத்த அந்த ரயில் மேலே ஏறி, முதல் இறக்கத்தில் விழுவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்கும். அந்த ஒரு நொடியில் பார்த்ததை வைத்து ஒருவர் குகை என்றார், ஒருவர் கோட்டை என்றார், ஒருவர் சும்மா மண்மேடு என்றார். செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால் யாரிடமும் சாட்சி இல்லை.

அபிநயா எதையும் பார்த்ததாகச் சொன்னதில்லை. தகரத்துக்கு மேலே தெரிந்த கம்பத்தின் உயரம் என்ன என்று ஒரு வாரம் சண்டை நடந்தபோது, பக்கத்து விளக்குக் கம்பத்தின் நிழலையும் அதன் நிழலையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டு அனுப்பினாள். அன்றிலிருந்து அவள் ‘பிசிக்ஸ் மேடம்’. பிறகு ஒருநாள் இரண்டாவது மேட்டைப் பற்றி எழுதினாள். முதல் இறக்கத்தில் எல்லாரும் கத்துகிறார்கள். இரண்டாவது மேட்டில் யாரும் கத்துவதில்லை. துப்பட்டாக்கள் தாமாக எழுகின்றன. தொப்பிகள் தலையை விட்டுப் பிரிந்து கூடவே வருகின்றன. அங்கே யாருக்கும் எடை இல்லை. அதற்கு வந்த பதில்களை அவள் இன்னும் அழிக்கவில்லை.

அவள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் கீழேயிருந்து தெரிந்தவை.

கார்கோடகனில் அவள் ஏறியதே இல்லை. பள்ளிச் சுற்றுலாவில் வந்தபோது வரிசையின் முடிவு வரை போய், பாதுகாப்புக் கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாள். விழுந்துவிடுவோம் என்ற பயமில்லை. கத்திவிடுவோம் என்ற பயம். சத்தமாகப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. வகுப்பு எடுக்க முடியாமல்தான் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பயிற்சி மையத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். தன் தொண்டையிலிருந்து என்ன மாதிரி சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. அதை இருபது பேர் முன்னால் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. அன்று திரும்பி வந்தவளின் மடியில் தோழிகள் பைகளை வைத்தார்கள். பார்க்குக்கு வருகிற எந்தக் கூட்டத்திலும் பை வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பிறகு கல்லூரியோடு வந்தபோதும், அத்தை வீட்டாரோடு வந்தபோதும் யாரும் அவளிடம் கேட்கவில்லை. பைகள் தாமாக அவளிடம் வந்தன. ரயிலடியில் இருக்கும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தலையை அண்ணாந்து, அவள் கார்கோடகனைப் படித்தாள்.

அவளை மதித்துக் கேட்கிற ஒரே இடம் அந்தக் குழு. இன்றைக்கு அது போய்விடக்கூடும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள். வராமலும் இருக்க முடியவில்லை.

“நீ அபிதானே? முகத்தப் பார்த்தாலே தெரியுது, கணக்குப் போடற முகம்,” என்று வந்து தோளில் கை போட்டாள் தனப்பிரியா. சேலத்தில் ஜவுளிக்கடையில் வேலை. குழுவில் எல்லாரையும் வம்புக்கு இழுப்பவள். பின்னாலேயே நந்தகுமார், குழுவின் பெயர் அச்சடித்த பனியனோடு வந்தார். கடைசியாக வந்தவன் யோகேஷ். திருச்செங்கோட்டுக்காரன். போர்வெல் ரிக் வண்டியில் மெக்கானிக். வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்கேயாவது காட்டில் இருப்பான். வெயிலில் கறுத்த முகத்தில் பற்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன.

“நீங்கதானுங்களா பிசிக்ஸ் மேடம்? நா பெரிய ஆளா இருப்பீங்கன்னு நெனச்சேனுங்க,” என்றான். உடனே, “வயசச் சொன்னனுங்க, வேறொன்னுமில்லீங்க,” என்று சேர்த்துக்கொண்டான்.

முதலில் தகரத் தடுப்புக்குத்தான் போனார்கள். அது பாதி கோவிலுக்குப் போவது மாதிரி இருந்தது. நந்தகுமார் செருப்பைக் கழற்றாதது ஒன்றுதான் பாக்கி. தகரத்துக்கு மேலே, பச்சை வலை கிழிந்த இடத்தில், அந்த முகம் தெரிந்தது. சிவப்பு முகம், உருண்டைக் கண்கள், கோரைப்பல், முகவாய்க்குக் கீழே தொங்கும் நாக்கு.

“நல்லா பாருங்க. அசுரலோகம்தான். நான் ரெண்டு வருசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தறேன். இது நுழைவாயில். வாய் வழியா உள்ள போவோம்,” என்றார் நந்தகுமார்.

“அண்ணா, எங்க தெருவுல மாடி எடுக்கறாங்க. அங்கயும் இதே மூஞ்சிதான் தொங்குது. அது வாய் வழியா யாரும் உள்ள போகல. இது திருஷ்டி பொம்மைண்ணா,” என்றாள் தனப்பிரியா.

“திருஷ்டி பொம்மைய இவ்ளோ பெருசாவா வெப்பாங்க?”

“நாலு வருசமா கட்டறாங்கல்ல. அதுக்குத் தக்கன திருஷ்டி.”

யோகேஷ் சிரித்தான். “பொம்ம என்னமோ தெரீலீங்க. அந்தக் கம்பம் மட்டும் ரிக் வண்டியோட மாஸ்ட்டுதானுங்க. போரு போடறாங்க, தண்ணி வந்திருக்காது. அதான் வேல இழுத்துட்டுக் கெடக்குது.”

“உனக்குக் கோபுரத்தக் காட்டினாலும் ரிக்குன்னுதான் சொல்லுவ.”

“கோபுரத்துல கம்ப்ரஸர் சத்தம் வருமுங்களாண்ணா? கேளுங்க.”

கேட்டார்கள். ஏதோ ஓர் இயந்திரம் உள்ளே இரைந்துகொண்டிருந்தது. அது எதுவாகவும் இருக்கலாம். நான்கு வருடமாக அது எதுவாகவும் இருந்தது.

“இருக்கற ரயில நிறுத்திட்டு இல்லாத அசுரனுக்கு இடம் குடுக்கறாங்க. இதுல உங்களுக்கு சந்தோசம் வேற,” என்றாள் தனப்பிரியா.

“புதுசு வந்தாத்தாம்மா பார்க்கு நிக்கும். கூட்டம் குறைஞ்சுட்டே போவுது, நீயே பாக்கற,” என்றார் நந்தகுமார். அவர் குரலில் இப்போது கேலி இல்லை. பிறகு அபிநயாவிடம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க மேடம். மேலருந்து பாத்தப்ப உங்களுக்கு என்ன தெரிஞ்சுது? மூஞ்சிக்குப் பின்னாடி ஒடம்பு இருக்கா?”

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள்.

“காத்து அடிச்சா அது ஆடுது. கான்க்ரீட்டா இருந்தா ஆடாது,” என்றாள்.

“பாத்தியா!” என்றாள் தனப்பிரியா. நந்தகுமார் பத்து நிமிடம் யோசனையோடு வந்தார். அவள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சாப்பிடும்போது நந்தகுமார் திட்டம் போட்டார். கடைசி ஓட்டத்தில் நால்வரும் ஏற வேண்டும். மேலே நிற்கும் அந்த ஒரு நொடியில் ஆளுக்கு ஒரு திசை. மற்ற மூன்று திசைகளைப் பிரித்துக்கொண்டு, இடது பக்கத்து முகத்தை அபிநயாவுக்குக் கொடுத்தார்கள். “உங்க கண்ணத்தான் நம்பறோம். ஒடம்பு இருக்கா, வெறும் மூஞ்சியா. அவ்ளோதான் வேணும். நாலு வருசச் சண்ட இன்னிக்கு ராத்திரி குரூப்ல முடிஞ்சிரும்.”

அவள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

நடக்கும்போது யோகேஷ் அவள் பக்கத்தில் வந்தான். “ஒன்னு சொல்லோணுமுங்க. அந்த ரெண்டாவது மேட்டப் பத்தி நீங்க எழுதுனது வந்தப்ப நாங்க ஒரு காட்டுக்குள்ள கெடந்தமுங்க. கேம்ப்புல எல்லாத்துக்கும் படிச்சுக் காட்டுனேன். எங்க டிரைவர் சுப்பையண்ணன், அந்தப் புள்ள நூறு தடவ ஏறியிருக்கும்டா, இல்லாட்டி இப்புடி எழுத வராதுன்னாருங்க.” கொஞ்சம் கூச்சத்தோடு சிரித்தான். “நானும் எத்தனையோ வாட்டி ஏறியிருக்கேன். மொதல் எறக்கத்துல கண்ண மூடுனா எறங்கறப்பத்தான் தொறப்பேன். அந்த மேடு எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க. நிறுத்தப் போறாங்கன்னதும் லீவு கேட்டு ஓடியாந்துட்டேன். உங்க பக்கத்துல உக்காந்துக்கட்டுங்களா? மேடு வந்தா சொல்லுங்க, கண்ணத் தொறக்கறேன்.”

“சரிங்க,” என்றாள்.

மாலையில் ரயிலடியில் பெரிய வரிசை நின்றது. லாக்கர் அறையை மதியமே பூட்டி, அலமாரிகளை லாரியில் ஏற்றிவிட்டார்கள். தனப்பிரியா பையை வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அபிநயாவின் கை தானாக நீண்டது. ஒரு நிமிடத்தில் மூன்று பைகளும் நந்தகுமாரின் தொப்பியும் அவளிடம் இருந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் லேசானது.

“நான் வச்சிருக்கேன். நீங்க போயிட்டு வாங்க.”

“விளையாடறீங்களா மேடம்? இடது பக்கம் யாரு பாக்கறது?” என்றார் நந்தகுமார்.

“பையி…”

“பையாவது மண்ணாவது. கடைசி நாளும்மா!” என்றாள் தனப்பிரியா.

பெஞ்சருகே கூட்டிக்கொண்டிருந்த சென்னியம்மாள் நிமிர்ந்தாள். அபிநயா வந்த ஒவ்வொரு முறையும் அந்தப் பெஞ்சைச் சுற்றிக் கூட்டியவள் அவள்தான். பாப்கார்ன் வாங்கித் தந்திருக்கிறாள். காலைத் தூக்கச் சொல்லித் திட்டியும் இருக்கிறாள்.

“அட, வா சாமி. பெஞ்சு காலியாத்தான் கெடக்குது,” என்றவள், மற்ற மூவரையும் பைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள். “இன்னிக்குமா? இங்க குடு, நாம் பாத்துக்கறேன். இன்னையோட பிரிக்கப் போறாங்களாம்ல. நீயி ஒரு தடவையாச்சும்…”

“இந்தாங்கக்கா,” என்று அபிநயா அத்தனை பைகளையும் அவள் கையில் திணித்தாள்.

அந்த வாக்கியம் முடியாமல் நின்றது. சென்னியம்மாள் அவளையே பார்த்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து பைகளை மடியில் வரிசையாக அடுக்கினாள். அபிநயா அடுக்கும் அதே வரிசையில், கனமானது கீழே.

வரிசை நகர்ந்தது. சென்னியம்மாளின் ஒரு வார்த்தையைத் தடுப்பதற்காக எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நந்தகுமாரும் தனப்பிரியாவும் பாம்புத் தலைக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார்கள். யோகேஷும் அவளும் இரண்டாவதில். கம்பி இறங்கி மடியில் படிந்தது. நினைத்ததைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. பல கைகள் பிடித்துப் பிடித்து அதன் மஞ்சள் பெயின்ட் நடுவில் மட்டும் போயிருந்தது. அவள் அந்த இடத்தில் பிடித்தாள்.

விசில். ரயில் ஒரு குலுக்கலோடு கிளம்பி, சங்கிலியில் மாட்டி, ஏறத் தொடங்கியது. கீழேயிருந்து கேட்டால் அந்தச் சங்கிலிச் சத்தம் கடிகாரம் ஓடுவது போல இருக்கும். மேலே அது முழங்காலில், பல்லில், முதுகெலும்பில் கேட்டது. இதை அவள் எங்கும் எழுதவில்லை. தெரிந்திருந்தால் எழுதியிருப்பாள். கீழே பெஞ்சு சின்னதாகிக்கொண்டு போனது. நிறைந்த மடியோடு சென்னியம்மாள் தலையை அண்ணாந்திருந்தாள்.

“அபி, இடது பக்கம்! மறந்துராத!” என்று முன்னாலிருந்து தனப்பிரியா கத்தினாள்.

யோகேஷ் கண்ணை இறுக்க மூடியிருந்தான். இமைகள் துடித்தன. “இப்ப சொல்லாதீங்க,” என்றான். “ரெண்டாவதுக்குச் சொன்னாப் போதுமுங்க. உங்கள நம்பித்தான் மூடியிருக்கேன்.”

மேட்டை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவள் யோசித்தாள். கீழேயிருந்து பார்த்தால் அது நீல ரிப்பன் கட்டிய தூணுக்கு நேர்மேலே. மேலேயிருந்து தூண் தெரியுமா? அவள் சொல்லும் நேரம் தவறினால் இவன் அந்த மேட்டை இனி எப்போதும் பார்க்க மாட்டான்.

“நான் இதுல ஏறினதில்லங்க,” என்றாள்.

சங்கிலி அதை விழுங்கிவிட்டது.

“என்னங்க?” என்றான் யோகேஷ், கண்ணைத் திறக்காமலே.

இடது பக்கம் தகரத் தடுப்பின் விளிம்பு கீழே இறங்கியது. பச்சை வலை விரிந்தது. சிவப்பு முகத்தின் ஒரு காது தெரிந்தது, பிறகு கன்னம். அதன் பின்பக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. அபிநயா கண்ணை மூடவில்லை. மூச்சை முழுதாக இழுத்தாள். கார்கோடகன் உச்சியைத் தொட்டது. சங்கிலி விட்டுவிட, எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. அந்த ஒரு நொடியில், ரயில் முழுக்கக் கேட்கும்படி, அவளுக்கே புதிதான ஒரு குரல் வந்தது.

“நான் இதுல ஏறினதே இல்ல!”