முதலில் பார்த்தவர்

வெண்பாறையில், சாலையில் கிடக்கும் குதிரை லத்தியை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் அதன் பக்கத்தில் நின்றாக வேண்டும். உள்ளூர்க்காரர் இன்னொருவர் அதைப் பார்த்து, "பார்த்தாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை நகரக் கூடாது. அதன் பிறகு நிற்க வேண்டியது அவர். பின்னால் வருகிறவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. சாலையில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் அக்கறையில் வெண்பாறையை அடித்துக்கொள்ள மலையில் வேறு ஊர் கிடையாது.

அதனால் வெண்பாறைக்காரர்கள் யாரும் கீழே பார்ப்பதில்லை.

ஏரியைச் சுற்றி நாள் முழுக்கக் குதிரைகள் ஓடுகின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். குதிரைகள் போகிற போக்கிலேயே தங்கள் காரியத்தை முடித்துக்கொள்கின்றன. ஊர்க்காரர்கள் மோவாயைத் தூக்கி, எதிரில் வருபவரின் நெற்றிக்கு ஒரு சாண் மேலே பார்த்தபடி நடக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலேயே இதற்குத் தனி பீரியட் உண்டு. பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சாதித்தவர் ஊரில் இதுவரை ஒருவரும் இல்லை. அப்படிச் செய்யலாம் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை. பார்க்காமலே இருந்துவிடுவது அதைவிட நாணயமான வழி.

சுற்றுலாப் பயணிகள் பார்த்தால் செல்லாது. அவர்கள் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள். எதை வேண்டுமானாலும் பார்ப்பார்கள்.

அள்ளுவது நகராட்சியின் வேலை. நகராட்சி அள்ள வேண்டுமென்றால் சுகாதார ஆய்வாளர் நேரில் வந்து பார்த்து உத்தரவு போட வேண்டும். பார்த்தால் அவரும் நின்றாக வேண்டும். அவர் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மற்றத் தெருக்களை யார் ஆய்வு செய்வது? ஆகவே, எதையும் பார்க்காமல் ஊர் சுற்றத் தெரிந்திருப்பதே அந்த வேலைக்கு முதல் தகுதி. போன மாதம் ஓய்வு பெற்ற ஆய்வாளர் சர்வீஸ் முழுக்க ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பிரிவுபசார விழாவில் தனக்குச் சால்வை போர்த்தியவர் யார் என்பதைக்கூட அவர் பார்க்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள்.

காலியான அந்த வேலைக்குத்தான் தமயந்தி நேர்முகத் தேர்வுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

தமயந்திக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மறுநாள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதன் பிறகு அரசாங்க வேலை எதற்கும் அவள் மனுப் போட முடியாது. படித்த பெண், ஏழெட்டுப் பரீட்சை எழுதி ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு முனையில் நழுவிப்போனவள். ஆனால் நடை விஷயத்தில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. நடை பழகிய நாளிலிருந்து கீழே பார்த்தவள் அல்ல. தன் செருப்பு என்ன நிறம் என்று கேட்டால் யோசிப்பாள்.

ஏரிச்சாலை வளைவில் நகராட்சிக் கட்டடம் கண்ணுக்குத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் போக வேண்டும். அப்போது ஒரு பால் வேன் வந்தது. வந்த வேன் நின்றது. ஓட்டியவர் கையை நீட்டி, "போம்மா, நீ போ" என்றார்.

வெண்பாறையில் அக்கறை உண்டே தவிர வண்டியை நிறுத்தி வழி விடுகிற பழக்கம் இல்லை. தமயந்திக்காக வாழ்க்கையில் ஒருவர் வண்டியை நிறுத்தியது அதுவே முதல் தடவை. மனம் நெகிழ்ந்துவிட்டது. கை இரண்டையும் கூப்பி, நன்றி சொல்லத் தலையைக் குனிந்தாள்.

குனிந்த கண்ணுக்கு நேரே அது கிடந்தது. புதியது. ஆவி பறந்தது.

வேன்காரர் ஒரு கணம் காத்திருந்தார். அவள் நகரவில்லை என்று தெரிந்ததும், "அடடா" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வண்டியை லேசாக ஒடித்துச் சுற்றிக்கொண்டு போனார்.

தமயந்தி நின்றாள். முறைப்படி, வருகிறவர்களுக்கு "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று குரல் கொடுத்தாள். எதற்கு வலப்பக்கம் என்று சொல்வது நாகரிகம் இல்லை. ஜனங்களும் கேட்பதில்லை. வலப்பக்கமாக ஒதுங்கி, அவள் நெற்றிக்கு மேலே பார்த்து, "பாவம், நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. டீக்கடைக்காரர் டீ கொடுத்தனுப்பினார். மழை தூறியதும் யாரோ குடை கொடுத்தார்கள். மருந்துக்கடை அம்மா முக்காலி கொண்டுவந்து போட்டார். போட்ட முக்காலி லத்தியின் மேலேயே உட்கார்ந்துவிடும் போலிருந்தது. தமயந்தி காலால் நகர்த்திவிட்டாள். கீழே பார்க்காமல் முக்காலி போடுவது எளிதல்ல.

அவளே அள்ளி ஏரியில் வீசிவிட்டுப் போயிருக்கலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். காவலுக்கு நிற்பவரே காவலில் உள்ள பொருளைத் தூக்கிக்கொண்டு போனால் அதற்கு வேறு பெயர்.

இன்னொரு வழி இருந்தது. இது என் குதிரையுடையது என்று யாராவது ஒப்புக்கொண்டால் அவர் நிற்கலாம். குதிரைக்கார லூர்து அந்தப் பக்கம் வந்ததும் தமயந்தி கூப்பிட்டுக் கேட்டாள்.

"எங்க பிரின்ஸா? சான்ஸே இல்ல தங்கச்சி" என்றார் லூர்து. "அவன் ரோட்டுல போற ஆளே கிடையாது. வேணும்னா நீயே கேட்டுக்க."

பிரின்ஸைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். குதிரை அதை மோந்து பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பி ஏரியைப் பார்த்தது. அதுவும் வெண்பாறையில் பிறந்து வளர்ந்த குதிரைதான்.

"பாத்தியா?" என்றார் லூர்து, தான் பார்க்காமலே.

அந்த நேரம் ஜெசிந்தா ஸ்கூட்டரில் வந்தாள். தமயந்தியோடு கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அதே வேலைக்கு அதே தேர்வுக்குப் போகிறவள். அவளுக்கு வயது வரம்பு தாண்ட இன்னும் ஒரு வருடம் கிடக்கிறது. தமயந்தியைக் கண்டதும் ஸ்கூட்டரை ஓரம் கட்டினாள். கண் கலங்கிவிட்டது.

"என்னடி இது, இன்னைக்குப் போயா?"

"ஜெசி, ஒரே ஒரு தடவை கீழே பாரேன். இன்டர்வியூ முடிஞ்சதும் ஓடி வந்து மாத்திக்கிறேன். சத்தியமா."

"உனக்காக உசுரைக் கேளு, தர்றேன்" என்றாள் ஜெசிந்தா, தமயந்தியின் கொண்டைக்கு மேலே பார்த்து. "கீழே பாக்கிறத மட்டும் கேக்காத."

"உசுரை வச்சு நான் என்னடி பண்றது?"

"அப்ப பிரேயர் பண்றேன்" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா வலப்பக்கமாகப் போனாள். நல்ல தோழி. கடைசிவரை கண்ணைத் தாழ்த்தவில்லை.

தமயந்தியின் அம்மா பாக்கியத்துக்குச் செய்தி போய், அவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். மகளுக்கு இட்லி கொண்டுவந்திருந்தாள்.

"தள்ளு. நான் பாக்கிறேன். நீ பரீட்சைக்கு ஓடு."

மனதார வந்தவள் அவள் ஒருத்திதான். குனிவதற்கு முயன்றாள். கழுத்து வரவில்லை. அறுபது வருடம் நிமிர்ந்தே இருந்த கழுத்து. ஆணி அடித்ததுபோல் நின்றது. லூர்து பின்னந்தலையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார். இடுப்போடு சேர்ந்து சாய்ந்தாளே தவிரப் பார்வை தாழவில்லை. தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். வானம்தான் தெரிந்தது. குப்புறப் படுத்தால் மூக்குக்கு அடியில் தார் மட்டும் தெரிந்தது.

"ஒண்ணுமே தெரியலையேடி" என்றாள் பாக்கியம், தரையிலிருந்து.

"எந்திரிம்மா. இட்லியைக் குடு."

தேர்வுக் குழுவினர் மனிதாபிமானம் உள்ளவர்கள். ஒரு விண்ணப்பதாரர் பொது நலன் கருதிச் சாலையில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும், அவருக்கு மட்டும் இருக்கும் இடத்திலேயே தேர்வு நடத்தத் தீர்மானித்து மேட்டிலிருந்து காரில் வந்தார்கள். கார் வலப்பக்கமாக நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே குழுத் தலைவர் திருமலைசாமி. அவருடைய மோவாய் கண்ணாடியின் விளிம்புக்கு மேலே இருந்தது. கண்கள் காரின் கூரையைப் பார்த்தன. ஊரில் பாதிப் பேர் கூடிவிட்டார்கள்.

"உங்க மார்க் எல்லாம் ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் திருமலைசாமி. "ஒரே ஒரு கேள்விதான். நீங்க நிக்கிற இடத்துல என்ன இருக்கு?"

கேள்வியின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. ஒன்றுமில்லை என்று பிறர் சொன்னால் அது வெறும் பேச்சு. பார்த்தவரே சொல்லிவிட்டால் அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் காவலும் இல்லை. அவள் நேராகக் காரில் ஏறிப் போய் வேலையில் சேரலாம். எந்தக் குழுத் தலைவரும் எந்த விண்ணப்பதாரருக்கும் இவ்வளவு சலுகை காட்டியதில்லை.

"ஒண்ணுமில்லேன்னு சொல்லு தங்கச்சி" என்று லூர்து கிசுகிசுத்தார்.

"சொல்லித் தொலையேண்டி" என்றாள் பாக்கியம்.

தமயந்தி நகராட்சிக் கட்டடத்தை ஒரு தடவை பார்த்தாள். மாடியில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலியும் மின்விசிறியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள்.

மேட்டிலிருந்து ஒரு ஸ்கூட்டர் இறங்கி வந்துகொண்டிருந்தது. தேர்வு முடிந்து ஜெசிந்தா வீட்டுக்குத் திரும்புகிறாள். இறக்கம். ஈரத் தார். முகம் மலைமுகட்டைப் பார்த்திருந்தது. முன்சக்கரம் நேரே லத்தியைப் பார்த்து வந்தது.

"வலப்பக்கம் போடி, மூதேவி!" என்று தமயந்தி கத்தினாள்.

ஜெசிந்தா ஒடித்தாள். ஸ்கூட்டர் ஒரு ஆட்டம் ஆடி, காரை உரசாமல் உரசி, நேராகி, போய்விட்டது. "தேங்க்ஸ்டி!" என்ற குரல் மட்டும் வளைவிலிருந்து வந்தது.



"ஒண்ணும் இல்லாத இடத்துல வலப்பக்கம் எதுக்கும்மா?" என்று கேட்டார் திருமலைசாமி. குரலில் கடுமை இல்லை. வருத்தம்தான் இருந்தது.

தமயந்தி ஸ்கூட்டர் போன வளைவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு நல்ல பார்வை" என்றார் அவர். "இந்த வேலைக்கு அது ஆகாது." கண்ணாடி ஏறியது. கார் போயிற்று. கூட்டமும் கலைந்தது, எல்லோரும் வலப்பக்கமாக.

"அவ விழுந்தா விழுந்துட்டுப் போறா" என்றாள் பாக்கியம்.

"வாய் தானா வந்துருச்சும்மா."

"வரும் வரும். உங்கப்பன் வாய் அது."

விடிந்தபோது தமயந்திக்கு வயது வரம்பு தாண்டியிருந்தது. ஜெசிந்தாவுக்கு வேலை கிடைத்திருந்தது. நியமன உத்தரவை வாங்கிக்கொண்டு அவள் முதலில் வந்தது தோழியிடம்தான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஜெசிந்தா தோளுக்கு மேலே பார்த்தபடி அழுதாள்.

"உன்னை இப்படியே விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொன்னபடி செய்தாள். ஆய்வாளர் என்ற முறையில் அவள் போட்ட முதல் உத்தரவு, அந்த வளைவைப் பேருந்து நிறுத்தமாக அறிவித்தது. யோசித்துப் பார்த்தால் பொருத்தமான ஏற்பாடு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ் வரும் திசையைத்தான் பார்ப்பார்கள். கீழே பார்க்க மாட்டார்கள். லத்தி கிடப்பது பத்திரம். எப்போதும் ஒருவர் நின்றுகொண்டிருக்கும் இடம் என்பதால் கம்பமோ பலகையோ நட வேண்டியதில்லை. உத்தரவில் நிறுத்தத்தின் பெயர் என்ற இடத்தில் தமயந்தியின் பெயரையே எழுதியிருந்தார்கள். நிறுத்தங்களுக்கு வயது வரம்பு கிடையாது. ஓய்வும் கிடையாது.

"எதுவானா என்ன, கவர்மெண்ட்டுதானே" என்றாள் பாக்கியம். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள்.

முதல் பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "தமயந்தி எல்லாம் எறங்கு, தமயந்தி எல்லாம் எறங்கு" என்று கத்தினார். இறங்கியவர்கள் வலப்பக்கமாகப் போனார்கள். ஏற வேண்டியவர்கள் அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். ஒருவர் வெற்றிலை எச்சிலைத் துப்ப இடம் தேடி, நிறுத்தங்களில் வழக்கமாகத் துப்பும் இடத்தில் துப்பினார். தமயந்தி புடவையைச் சற்று ஒதுக்கிக்கொண்டாள்.

மத்தியானம் பசை வாளியும் சுருட்டிய காகிதங்களுமாக ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். புதிய சுகாதார ஆய்வாளர் ஜெசிந்தாவை வாழ்த்தி வரவேற்கும் சுவரொட்டிகள். ஜெசிந்தா அவற்றில் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் தமயந்தியின் முதுகை மேலிருந்து கீழாக ஒருமுறை அளவெடுத்தார். பசையைத் தொட்டு ஒரு சுற்றுச் சுற்றித் தடவி, ஒரு சுவரொட்டியை விரித்து ஒட்டினார்.

"அக்கா, கொஞ்சம் நிமிந்து நில்லுங்க" என்றார். "சுருங்குது."

தமயந்தி நிமிர்ந்து நின்றாள்.