கிள்ளான் காகமும் முதல் இலையும்

முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொன்னாலும் இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். நம்பாதவர்கள் கிள்ளானுக்கு வந்து எந்தக் காகத்தை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டுக்கொள்ளலாம். கேஎல் காகத்தை, அதாவது கோலாலம்பூர்க் காகத்தை, மட்டும் கேட்க வேண்டாம். அது பொறாமையில் மாற்றிச் சொல்லும்.

கிள்ளான் லிட்டில் இந்தியாவின் பின்சந்து ஒன்றில் புனிதா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். காலையில் சோறு வடித்ததும் முதல் பிடியைப் பின்மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டுவிட்டுத்தான் கடையைத் திறப்பாள். போய்ச் சேர்ந்தவர்கள் காகமாக வந்து சாப்பிடுவார்கள் என்பது அவள் குடும்பத்து நம்பிக்கை. மதிலுக்கு வருகிற காகங்களில் ஒன்றுக்குக் கழுத்துச் சாம்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்; நடை, நெடுந்தூரம் லோரி ஓட்டி இறங்கிய ஆளின் நடை. அதுதான் தன் அப்பா திருச்செல்வம் என்பதில் புனிதாவுக்குச் சந்தேகமே கிடையாது.

திருச்செல்வம் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர். கப்பலிலிருந்து இறங்கி வழி தெரியாமல் நிற்கிற மாலுமி எந்த நாட்டுக்காரனானாலும் லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். "ஊருக்குப் புதுசு, பசியோட நிக்கிறான். மொத இலை அவனுக்குப் போடு" என்பார். வந்தவன் இரண்டாவது தடவை ரசம் கேட்கும்வரை தன் இலையில் கைவைக்க மாட்டார். "கேஎல்-காரன் கட்டடத்தைக் காட்டுவான். நாம சோத்தைக் காட்டுவோம், லா" என்பது அவர் பெருமை. அவர் போய்ச் சேர்ந்த சில நாட்களில்தான் சந்துக்குச் சுற்றுப்பயணிகள் வரத் தொடங்கினார்கள்.

அது பேருந்துச் சக்கரம் வெடித்ததில் ஆரம்பித்தது. கோலசிலாங்கூரில் இரவு மின்மினி பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் விடிந்தபோது கிள்ளானில் இறங்கி நின்றது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, புனிதா காகங்களைக் கூப்பிடுவதையும் அவை மதிலில் வரிசையாக வந்து உட்காருவதையும் கைப்பேசியில் படமெடுத்துவிட்டாள். அந்தப் படத்தை உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அடுத்த வாரம் வேன் வந்தது. அதற்கடுத்து பேருந்து. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து விமலன் என்கிற வழிகாட்டி, தொப்பியும் சின்ன ஒலிபெருக்கியுமாக வந்து, "அக்கா, இனிமே இதுக்குப் பேரு 'காக்காவோட காலைச் சாப்பாடு'. நீங்க சும்மா நின்னாப் போதும். மத்ததை நான் பாத்துக்கிறேன், பாஸ்" என்றான்.

நல்லது நடக்கவில்லை என்று சொல்லக்கூடாது. பல வருடங்களாக அடைத்துக்கிடந்த சாக்கடை ஒரே வாரத்தில் சுத்தமானது. சந்துக்கு விளக்கு வந்தது; தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வந்தது. பூக்கடை மலர் ஐந்து மொழியில் "வாங்க" சொல்லப் படித்தாள். வாடகை கட்ட முடியாமல் மூடவிருந்த தையல்கடை, காகப் படம் தைத்த கைக்குட்டை விற்றுப் பிழைத்துக்கொண்டது.

காகங்களும் படித்துக்கொண்டன. கேமரா தூக்கினால் நல்ல பக்கத்தைத் திருப்பிக் காட்டின. ஜப்பான் கூட்டம் வந்தால் தலை குனிந்து வணங்கின. பிரான்சுக்காரர்கள் கொடுத்த வெண்ணெய் ரொட்டிக்குப் பழகியபிறகு சாதா ரொட்டியைக் காலால் ஒதுக்கின. தின்று தின்று கொழுத்துப் பறக்கச் சோம்பல்பட்டு, கடை வாசல் நடைபாதையான அஞ்சடியில் ஆட்களோடு ஆட்களாக நடந்தன. கடற்காற்று வாங்க போர்ட் கிள்ளானுக்குக் கம்யூட்டர் ரயிலில் போய் வந்தன. டிக்கெட் எடுத்தனவா என்பது தெரியவில்லை. தெரியாததைச் சொல்லக்கூடாது.

மாடிவீட்டுச் சிவகுருநாதன், யாழ்ப்பாண வம்சத்தவர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், இந்தப் புகழில் பங்கு கேட்டார்.

"பிள்ளை, இதுகள் எல்லாம் எங்கட ஊர்க் காகம். கோப்பித் தோட்டத்துப் புழுவைத் தின்ன வெள்ளைக்காரன் இலங்கையிலயிருந்து கப்பல்ல கொண்டு வந்தவன். என்ரை பாட்டனும் அந்தக் காலத்திலதான் வந்தவர்."

"அவரும் புழு தின்னத்தான் வந்தாரா, அங்கிள்?" என்றாள் புனிதா.

ஆனால் சில நாட்களாக அவளுக்கு மனசு சரியில்லை. ஷிப்ட் முடிந்து பசியோடு வரும் துறைமுக ஆட்களுக்கு உட்கார நாற்காலி இல்லை. நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். விமலன் சொன்னான் என்று சாம்பாரில் மிளகாயைக் குறைத்தாள். காகத்துக்குப் போட என்று சோற்றைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி, வந்தவர்களிடமே விற்றாள். அப்பா ஊருக்கெல்லாம் சும்மா போட்ட சோறு. அன்றிலிருந்து அந்தச் சாம்பல் கழுத்துக் காகம் அவள் வைக்கும் பிடிச் சோற்றை மோந்துகூடப் பார்ப்பதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அப்பாவின் முதல் வருடத் திதி வந்தது.

கடைக்கு விடுமுறை விட்டாள். அவள் அத்தை வள்ளியம்மா கேரி தீவிலிருந்து விடியற்காலையிலேயே வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய், அவரைக்காய், வடை, பாயசம், மிளகாய் குறைக்காத சாம்பார். மதில்மேல் இலை போட்டுப் படைத்தார்கள். காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் வாயில் வைக்கக்கூடாது. உறவுக்காரர்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

காகங்கள் வந்தன. கூரை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. இலையைப் பார்த்தன. பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பிச் சந்துமுனையைப் பார்த்தன. அங்கே விமலனின் பேருந்து நின்றது.

"விமலா! இன்னிக்குக் கடை இல்லைன்னு சொன்னேன்ல?" என்று ஓடினாள் புனிதா.

"சொன்னீங்கக்கா. இவங்க ஹாலந்துலேர்ந்து இதுக்குன்னே வந்தவங்க. ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. ஹோட்டல்ல காலைச் சாப்பாடுகூட வேண்டாம்னுட்டு வந்துட்டாங்க, பாவம்."

ஒரு கயிற்றைக் கட்டி அவர்களை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். காகங்கள் அசையவில்லை.

"அண்ணே, வாண்ணே" என்று வள்ளியம்மா கெஞ்சினார். "எதாச்சும் குறை வச்சிருந்தா மன்னிச்சிரு. இந்தா, இன்னொரு வடை."

வடை வந்தது. அப்பளம் வந்தது. பாயசத்துக்கு முந்திரி கூடுதலாக விழுந்தது. சாம்பல் கழுத்துக் காகம் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலால் காதைச் சொறிந்தது.

"விலகுங்கோ. எங்கட காகத்துக்கு எங்கட பாஷையிலதான் சொல்லவேணும்" என்று சிவகுருநாதன் முன்னால் வந்தார். "வா ராசா. வந்து ஒரு வாய் சாப்பிடு. எல்லாரும் பசியில நிக்கினம்."

காகம் அவருக்கு முதுகைத் திருப்பியது.

"பாஷை நல்லாவே புரிஞ்சிருச்சு போல, அங்கிள்" என்றார் கூட்டத்தில் ஒருவர். பசியில் யாரும் சிரிக்கவில்லை.

வெயில் ஏறியது. வள்ளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன் கோவமா இருக்காரு. இவ சோத்தை வித்தா. அதான் வாங்க மாட்டேங்கிறாரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார்.

 அப்பா இந்த இலையைத் தொடாமல் போனால் இந்த வருடம் மட்டுமல்ல, இனி எந்த வருடமும் தொடமாட்டார் என்று புனிதாவுக்குத் தோன்றியது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கயிற்றுப் பக்கம் பார்த்தாள். அங்கே ஒரு கிழவர், உயரமான ஹாலந்துக்காரர், அடுக்களையிலிருந்து வந்த சாம்பார் வாசத்துக்கு எச்சில் விழுங்கினார். விழுங்கியதை மறைக்கத் தொப்பியைச் சரிசெய்தார்.

ஊருக்குப் புதுசு. பசியோடு நிற்கிறான்.

புனிதா கயிற்றை அவிழ்த்தாள். மேசையை அஞ்சடிக்கு இழுத்துப் போட்டு இலையை விரித்தாள். "உக்காருங்க அங்கிள். எல்லாரும் உக்காருங்க" என்றாள்.

"அடியே, என்ன செய்றே!" என்று அலறினார் வள்ளியம்மா. "காக்கா எடுக்காம மனுசனுக்கா சோறு? திதி வீட்டுல யாராச்சும் இப்படிச் செய்வாங்களா?"

"அத்தை, அப்பா இருந்தா மொத இலை யாருக்குப் போடச் சொல்வாரு?"

வள்ளியம்மா திரும்பி உள்ளே போனார். போய்ச் சோற்றுப் பானையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். "தள்ளு. நீ போட்டா பத்தாம போட்டுருவே" என்றார்.

ஹாலந்துக்காரர்கள் சாப்பிட்டார்கள். சாம்பாரின் காரத்தில் கண்ணீர் வழிந்தது, காது சிவந்தது, ஒருவர் தொப்பியிலிருந்து ஆவி கிளம்பியது. யாரும் கையை எடுக்கவில்லை. விமலன் ஒலிபெருக்கியைத் தூக்கினான். புனிதா பார்த்த பார்வையில் பைக்குள் வைத்துவிட்டான். உயரமான கிழவர் ரசத்தை உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார். இலையைத் துடைத்தார். பிறகு வெட்கத்தோடு கையை மறுபடியும் நீட்டினார்.

இரண்டாவது ரசம் அவர் கையில் விழுந்ததுதான் தாமதம். கூரை ஓரத்திலிருந்து சாம்பல் கழுத்துக் காகம், லோரியிலிருந்து இறங்குவதுபோல நிதானமாக இறங்கி, மதில்மேல் இலைக்கு வந்து ஒரு வாய்ச் சோற்றை எடுத்தது. பிறகு வடை. பிறகு பாயசம். மற்றவை எல்லாம் பின்னாலேயே இறங்கின.

"எடுத்துட்டாருடி!" என்று வள்ளியம்மா புனிதாவின் தோளில் ஓங்கி அடித்தார். அந்த அடி இரண்டு நாள் வலித்தது. சிவகுருநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "யாழ்ப்பாணத்துக் காகத்துக்கு விருந்தோம்பல் தெரியும், பிள்ளை" என்றார். அவருக்கு முதலில் சோறு போட்டு வாயை அடைத்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து பொட்டலம் விற்பது நின்றது. சாம்பாருக்கு மிளகாய் திரும்பி வந்தது. முன்வரிசை நாற்காலிகள் துறைமுக ஆட்களுக்கு. சுற்றுப்பயணிகள் அவர்களோடு தோளுரசி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கூட்டம் குறையும் என்று பயந்தான் விமலன். கூடியது. "அக்கா, அந்தத் திதியைப் பாக்கேஜ்ல போட்டா—" என்று ஆரம்பித்தான். "வாயைக் கழுவு" என்றாள் புனிதா. ஆனால் வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஊருக்குப் புதிதாக நிற்கிற ஒருவருக்கு முதல் இலை சும்மா. காகங்கள் அதை மதிலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கின்றன. வெண்ணெய் ரொட்டியை இப்போது தொடுவதில்லை. பாரிஸிலிருந்து வந்தவர்கள் நீட்டினால்கூட, எங்கள் ஊர்ச் சோறு வரட்டும் என்பதுபோலக் காத்திருக்கின்றன. கட்டடம் பார்க்க வந்தவர்கள் கேஎல்-லில் ஒரு நாள் தங்குகிறார்கள். சோற்றுக்கு வந்தவர்கள் கிள்ளானில் இரண்டு நாள் தங்குகிறார்கள்.

திருச்செல்வம் இப்போது கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் மூத்த மகன் வீட்டில், மூட்டுவலி தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறார். இந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர்தான்; செத்தவர் எப்படிச் சொல்வார் என்று கேட்பவர்கள் அந்தக் காகத்தையே கேட்டுக்கொள்ளலாம்.